காலணாவுக்கு ராஜகுளியல்!

சனிக்கிழமை வந்தால் நம் வீடுகளில் எண்ணெய்க் குளியல். முதலில் எண்ணெய், பிறகு அரப்பு, பிறகு வெந்நீர்.

சுமார் 2,000 ஆண்டுகளுக்கு முன் ரோமாபுரி மக்களும் எண்ணெய் தேய்த்துத்தான் குளித்தார்கள்! ஆனால் அவர்களுக்கு அரப்பு கிடையாது. அரிவாள் போல் வளைந்த ஓர் உலோகக் கருவியால் எண்ணெயையும் அழுக்கையும் வழித்து எடுத்தார்கள்.

அவர்கள் குளித்தது பொதுக் குளியல் கூடத்தில். கி.பி. 216-ல் கராகல்லா என்ற சக்கரவர்த்தி திறந்த கூடத்தில் ஒரே நேரத்தில் சுமார் 1,600 பேர் குளிக்கலாம்! வெந்நீர் அறை, இளஞ்சூட்டு அறை, குளிர்ந்த நீர்த் தொட்டி எல்லாம் உண்டு. தரைக்கு அடியில் இடைவெளி விட்டு, அதற்குள் அடுப்பின் அனலைச் செலுத்தினார்கள். அடுப்பு எரித்தவர்கள் அடிமைகள். அதையும் மறக்கக் கூடாது.

பல கூடங்களில் கட்டணம் மிகச் சிறிய செப்புக் காசுதான். நம் பழைய காலணா போல என்று வைத்துக் கொள்ளுங்களேன்!

அந்த ரோமாபுரிக்கும் நம் கோவைக்கும் உறவு உண்டு. நொய்யல் கரையில் உள்ள வெள்ளலூரில் 1842-ல் ரோமானிய வெள்ளிக் காசுகள் புதையலாகக் கிடைத்தன.

ரோமாபுரிக்குக் குளியல் கூடம் என்றால் நமக்கு நொய்யல் படித்துறை. பேரூரில் இறங்கக் காலணாவும் வேண்டாம். ஆடிப்பெருக்குக்கும் அமாவாசைக்கும் குடும்பம் குடும்பமாக அங்கே வருகிறார்கள்.

ரோமாபுரிக் கூடங்கள் பாழானது எப்படி? கி.பி. 537-ல் நகரை முற்றுகையிட்ட கோத் படையினர், தண்ணீர் வரும் கால்வாய்களை உடைத்தார்கள். தண்ணீர் நின்றது. குளியலும் நின்றது. கட்டடம் மட்டும் மிஞ்சியது.

நொய்யலைக் கெடுக்க எந்தப் பகைவனும் வரவில்லை. நாமே சாக்கடையை விட்டோம். சாயக் கழிவையும் விட்டோம். பாசனத்துக்காக 1992-ல் கட்டிய ஒரத்துப்பாளையம் அணையில் சாயநீர் தேங்கியது. கழிவைச் சுத்தம் செய்யாத திருப்பூர் சாயப்பட்டறைகளை மூடும்படி, 2011-ல் சென்னை உயர் நீதிமன்றமே உத்தரவிட வேண்டியதாயிற்று.

படித்துறைக்குச் சிமெண்டு பூசினால் போதுமா? தண்ணீர் நன்றாக இருக்க வேண்டாமா? சாக்கடை நீரைச் சுத்தம் செய்த பிறகே ஆற்றில் விட வேண்டும். அதுதான் முதல் வேலை. படிக்கு அழகு பார்ப்பது பிறகு.

நமக்கும் பொறுப்பு உண்டு. தர்ப்பணம் முடிந்ததும் பழந்துணியை ஆற்றில் விடுவதை நிறுத்துவோம்.

படியில் இறங்கும் குழந்தை பயமில்லாமல் முங்கி எழ வேண்டும். காலணாச் செலவில்லாத ராஜகுளியல் அதுதான்!