ஆழம் தெரியாமல் காலை விடலாமா?

கடல் என்றவுடன் நம்மவர்க்கு நினைவில் எழுவது திருச்செந்தூர்க் கரையும் கன்னியாகுமரிச் சூரியோதயமும்தான். ராஜபாளையத்தில் பஞ்சாலை உண்டு, மாந்தோப்பு உண்டு. ஸ்ரீவில்லிபுத்தூரில் கோபுரம் உண்டு, பால்கோவா உண்டு. மேற்கே மலை உண்டு. கடல் மட்டும் இல்லை. கடலில்லாத ஊரில் ஆழ்கடலைப் பற்றிய பேச்சு எதற்கு என்று சிலர் கேட்கலாம்.

ஐப்பசி, கார்த்திகையில் நம் கண்மாய்களை நிரப்பும் மழை வங்கக் கடலிலிருந்தன்றோ வருகிறது? மழை கடலுக்குள் புகுந்து நீரை முகந்து வரவேண்டுமென்று திருப்பாவையின் நான்காம் பாசுரத்தில் பாடியவள் நம் ஊர்ப் பெண். ஊழி வெள்ளத்தில் ஆலிலைமேல் துயிலும் வடபத்ரசாயியே நம் ஊரின் பெருமாள். கடல் நமக்கு அந்நியமன்று. நாம்தான் அதை மறந்திருக்கிறோம்.

ஆழ்கடலைப் பற்றி மக்களிடம் இரண்டு மனப்பான்மைகளே காணப்படுகின்றன. ஒன்று அலட்சியம், மற்றொன்று பேராசை. 2023-இல் சந்திரயான்-3 நிலவில் இறங்கியபோது நாடே இனிப்பு வழங்கிக் கொண்டாடியது, அது முறையே. ஆனால் 2025 ஆகஸ்டில் இந்தியர் இருவர் பிரெஞ்சு நாட்டு நீர்மூழ்கியில் அட்லாண்டிக் பெருங்கடலினுள் சென்றார்கள். அவர்களுள் ஒருவர் 5,002 மீட்டர் ஆழத்தைத் தொட்டார். நம் தேநீர்க் கடைகளில் எத்தனை பேர் இதைப் பற்றிப் பேசினார்கள்?

அலட்சியம் ஒருபுறமிருக்க, ஆசையைப் பார்ப்போம். இந்தியப் பெருங்கடலின் நடுவே, குமரிக்குத் தெற்கே நெடுந்தொலைவில், 75,000 சதுர கிலோமீட்டர் கடற்படுகையை ஆராயும் உரிமை நம் நாட்டிற்கு உண்டு. அங்கே உருளைக்கிழங்கு போன்ற உலோகக் கட்டிகள் கிடக்கின்றன. மாங்கனீசு, நிக்கல், தாமிரம், கோபால்ட் ஆகியவை அவற்றில் அடங்கியுள்ளன. 2021-இல் 4,077 கோடி ரூபாயில் ஆழ்கடல் திட்டத்திற்கு மத்திய அரசு ஒப்புதல் அளித்தது. மூவரை 6,000 மீட்டர் ஆழத்திற்கு ஏற்றிச் செல்லவல்ல ‘மத்ஸ்யா 6000’ கலத்தைச் சென்னைப் பள்ளிக்கரணையிலுள்ள தேசியப் பெருங்கடல் தொழில்நுட்பக் கழகம் உருவாக்கி வருகிறது. படுகையில் ஊர்ந்து செல்லும் ‘வராகா’ என்னும் சுரங்க எந்திரத்தையும் அக்கழகம் 2021-இல் 5,270 மீட்டர் ஆழத்தில் சோதித்துப் பார்த்தது.

மின்சார வண்டிகளுக்கும் மின்கலங்களுக்கும் இவ்வுலோகங்கள் தேவை என்பதை மறுப்பதற்கில்லை. எத்தனை நாள்தான் அயல்நாட்டை எதிர்பார்ப்பது என்னும் கேள்வியும் நியாயமானதே. ஆயினும் ஓர் உண்மையை எண்ணிப் பார்க்கவேண்டும். அக்கட்டிகள் பத்து லட்சம் ஆண்டுகளில் சில மில்லிமீட்டர்தான் வளர்கின்றன. இன்று அள்ளினால் நம் பேரன் காலத்தில் மட்டுமன்று, மனிதகுலத்தின் காலத்திலேயே அவை மீண்டும் விளையா! 1979-இல் பசிபிக் கடலடியில் ஓர் எந்திரத்தை ஓட்டிச் சோதித்தார்கள். 44 ஆண்டுகள் கழித்துச் சென்று பார்த்தபோதும் அதன் தடம் அழியவில்லை. கட்டிகளின்மேல் ஒட்டி வாழும் உயிர்கள் சில இன்னும் முழுமையாக மீளவில்லை. நாம் உழுத வயலில் அடுத்த மழைக்கே புல் முளைக்கிறது. அங்கோ ஒருமுறை உழுத வடு ஒரு தலைமுறைக்கும் ஆறவில்லை. பிரான்சு, ஜெர்மனி உட்பட முப்பதுக்கும் மேற்பட்ட நாடுகள் இச்சுரங்கத் தொழிலைத் தடுத்து நிறுத்தவோ தள்ளிவைக்கவோ வேண்டுமென்று கோருவது இதனால்தான்.

நம் கலங்களுக்கு இட்ட பெயர்களையாவது நினைவில் கொள்வோமாக. மச்சாவதாரம் பிரளயத்தில் உயிர்களையும் விதைகளையும் காத்தது. வராகம் கடலில் மூழ்கிய பூமியை மீட்டது. இரண்டும் காக்க வந்தவை. எடுத்துச் செல்ல வந்தவை அல்ல. ஆகவே, முதலில் மத்ஸ்யா செல்லட்டும். அங்கு வாழும் உயிர்களைக் கண்டு, எண்ணி, எழுதி வரட்டும். அதுவரை வராகா காத்திருக்கட்டும். இதுவே என் கருத்து.

விலங்கியல் மாணவரும், வேதியியல் மாணவரும், பொருளியல் மாணவரும் விவாதிக்க வேண்டிய பொருள் இது. ஆழம் தெரியாமல் காலை விடாதே என்பது நம் பாட்டிமார் சொல். அவர்கள் ஊருணிக்குச் சொன்னது பெருங்கடலுக்கும் பொருந்தும்.