தையல் பெட்டியைத் திறவுங்கள்

சகோதரியே, சாப்பாட்டை வெறுத்து மெலிந்துபோன மகளின் தையல் பெட்டியும் மூடியே கிடக்கிறதா? பிடிவாதம் என்று ஏசாதீர்கள். 1945இல் அமெரிக்காவின் மினசோட்டாப் பல்கலைக்கழகத்தில், ஆரோக்கியமான 36 வாலிபர்கள் ஆய்வுக்காக 24 வாரங்கள் அரைப்பட்டினி கிடந்தார்கள். நட்பு, படிப்பு, வேடிக்கை எல்லாமே அவர்களுக்குக் கசந்துபோயின. (நமக்கோ ஒரு நேரம் பசித்தாலே கோபம் வந்துவிடுகிறது!) அனொரெக்ஸியா நோயிலும் பட்டினி மனதைச் சுருக்கிவிடுகிறது.

கட்டாயம் வைத்தியரிடம் காட்டுங்கள். உணவே முதல் மருந்து. அத்தோடு, சாப்பிட்டதும் அவளுக்குப் பதற்றம் வரும் நேரத்தில் பக்கத்தில் அமர்ந்து, இருவருமாகப் பூத்தையல் போடுங்கள். ஆரம்பத்தில் விருப்பமே இராது. கை பழகப் பழகத்தான் வரும். தையல் கோணினால் கோணட்டும். "சாப்பிட்டால்தான் ஊசி தருவேன்" என்று மட்டும் பேரம் பேசாதீர்கள்.