காகமும் பனம்பழமும்: கொத்துத் தலைவலிக்கு மாற்று மருந்து தேடுவோர் குறித்து

வலியைச் சொல்வதற்குத் தமிழில் சொற்பஞ்சம் கிடையாது. குத்தல், குடைச்சல், உளைச்சல், இசிவு, கடுப்பு, பிடிப்பு என்று ஒவ்வொரு நோவுக்கும் தனித்தனிப் பெயர் வைத்திருக்கிறோம். ஆயினும் தலை நோவு என்று வரும்போது நம் அன்றாடப் பேச்சு தலைவலி, ஒற்றைத் தலைவலி என்ற இரண்டு பெயர்களோடு பெரும்பாலும் நின்றுவிடுகிறது. இவ்விரண்டிலும் அடங்காத ஒன்று உண்டு. மருத்துவர்கள் 'கிளஸ்டர்' என்று குறிப்பிடும் அதனைக் கொத்துத் தலைவலி என்று சொல்லலாம். ஏறத்தாழ ஆயிரம் பேரில் ஒருவருக்கு வருவது.

ஒரு பக்கத்துக் கண்ணையும் பொட்டையும் சுற்றி இவ்வலி எழும். அந்தக் கண் சிவந்து நீர் வடிக்கும், இமை தளரும், அந்தப் பக்கத்து மூக்கு அடைக்கும் அல்லது ஒழுகும். ஒற்றைத் தலைவலிக்காரர் இருட்டறையில் அசையாமல் படுத்துக்கொள்வார். கொத்துத் தலைவலிக்காரரால் படுக்கவே இயலாது. எழுந்து நடப்பார், சுவரில் தலையை முட்டிக்கொள்வோரும் உண்டு. 15 நிமிடத்திலிருந்து 3 மணி நேரம் வரை நீடித்து, வலி தானாகவே அகலும். இரண்டு நாளுக்கு ஒரு முறையும் வரலாம், ஒரே நாளில் 8 முறையும் வரலாம். பலருக்கு இது சில வாரங்களோ மாதங்களோ தொடர்ந்துவிட்டு, பிறகு மாதக்கணக்கில், சில வேளை ஆண்டுக்கணக்கில் தலைகாட்டாது. இரவில் குறித்த நேரத்தில் வந்து எழுப்பும், ஆண்டின் குறித்த பருவத்தில் திரும்பும் என்பது நோயாளிகள் பலரின் அனுபவம். 1998இல் லண்டன் ஆய்வாளர்கள் வலியின்போது மூளையைப் படமெடுத்துப் பார்த்தபோது, உடலின் காலக்கணக்கைப் பேணும் ஹைப்போதலாமஸ் பகுதி கிளர்ந்திருப்பதைக் கண்டனர். வலிக்குச் சொந்தமாக ஒரு கடிகாரம் இருக்கிறது. இக்கட்டுரையில் நாம் சொல்ல விழைவதெல்லாம் அந்தக் கடிகாரத்தைப் பற்றியதுதான்.

இந்நோயாளிகள் மருந்துச் சீட்டு இல்லாத வழிகளைத் தேடி அலைவதை அறியாமை என்று ஒதுக்குவோர் உளர். நாம் அவ்வாறு கருதவில்லை. நோய் இன்னதென்று அறியவே பலருக்கு ஆண்டுகள் ஆகின்றன. வலி மேல்தாடை வரை பரவுவதால் பழுதில்லாத பல்லைப் பிடுங்கிக்கொண்டவர்களும், சைனஸ் என்று அறுவைக்குப் போனவர்களும் மருத்துவ ஏடுகளில் பதிவாகியிருக்கிறார்கள். மருந்துக்கடையில் கேட்டவுடன் கிடைக்கும் வலி மாத்திரை வேலை செய்யத் தொடங்குமுன் வலியே முடிந்துவிடுகிறது. சுமாட்ரிப்டான் ஊசி விரைவில் கேட்கும். ஆனால் ஒரு நாளுக்கு இரண்டு முறைக்கு மேல் போடக் கூடாது, இதய நோய் உள்ளவர்களுக்கு ஆகாது. வலி எட்டு முறை வந்தால் மீதி ஆறு முறைக்கு அவர் எங்கே போவார்? தடுப்பு மருந்தான வெரபமிலை உயர்ந்த அளவில் உண்போர் அவ்வப்போது இதயத் துடிப்பைப் பதிவு செய்து பார்க்க வேண்டும். இத்தனை வேலிகளுக்கு நடுவே நிற்பவர் வேறு வழி உண்டா என்று கேட்பது இயல்பு.

ஆகவே அவர் தேடுகிறார். நம் ஊரில் சுக்கை உரைத்து நெற்றியில் பற்றுப் போடுவார், நொச்சி இலையில் ஆவி பிடிப்பார், மஞ்சளைச் சுட்டுப் புகையை முகர்வார். அமெரிக்காவில் இருப்பவர் மெலடோனின் வாங்குவார், அங்கே அதற்குச் சீட்டு வேண்டாம். இங்கேதான் நோயின் கடிகாரம் குறுக்கிடுகிறது. வலி தொடங்கியதும் அடுப்பை மூட்டி, நீரைக் கொதிக்கவைத்து, நொச்சி போட்டு, போர்வைக்குள் குனிந்து முடிப்பதற்குள் முக்கால் மணி நேரம் கழிந்துவிடும். வலி போய்விட்டிருக்கும். நொச்சி போக்கியது என்பார். நான்கு வாரம் ஒரு லேகியத்தை உண்பார், ஐந்தாம் வாரம் வலியின் பருவம் முடியும். லேகியம் போக்கியது என்பார். அவர் பொய் சொல்லவில்லை. காக்கை உட்காரப் பனம்பழம் விழுந்ததைத் தம் கண்ணால் கண்டதைத்தான் சொல்கிறார். தானே வந்து தானே போகும் நோய்க்கு எந்த மருந்தைக் கொடுத்தாலும் அந்த மருந்துக்கு நல்ல சாட்சிகள் கிடைத்துவிடுவார்கள்.

இப்படி ஏமாறுவது நாட்டு வைத்தியம் மட்டுமன்று. 1939இல் அமெரிக்காவின் மேயோ மருத்துவமனையைச் சேர்ந்த பேயார்ட் ஹார்ட்டன் இந்நோயைத் தம் சகாக்களுடன் விரிவாக விவரித்தார். ஹிஸ்டமின்தான் காரணம் என்று கருதி, அதையே சிறிது சிறிதாக உடலில் செலுத்திப் பழக்கும் சிகிச்சையையும் கையாண்டார். பலர் குணமடைந்ததாகச் சொன்னார்கள். அச்சிகிச்சை இன்று வழக்கில் இல்லை. அங்கேயும் பழம் விழுந்தது, காகம் பெயர் வாங்கியது.

எனில் எதை நம்புவது? ஒப்பிட்டுப் பார்த்ததை நம்பலாம் என்பதே நம் விடை. 2009இல் வெளியான லண்டன் ஆய்வு ஒன்று இதற்கு நல்ல எடுத்துக்காட்டு. வலி வந்தவுடன் முகமூடி வழியாக நிமிடத்துக்கு 12 லிட்டர் வீதம் 15 நிமிடம் ஆக்சிஜனைச் சுவாசிக்கச் செய்தார்கள். வேறு சில வலிகளுக்கு அதே போன்ற உருளையில் அடைத்த வெறுங்காற்றைக் கொடுத்தார்கள். எது எதுவென்று நோயாளிக்கும் தெரியாது, மருத்துவருக்கும் தெரியாது. ஆக்சிஜன் பெற்ற வலிகளில் 78 விழுக்காடு கால் மணி நேரத்தில் தணிந்தன. வெறுங்காற்றிலோ 20 விழுக்காடு. இந்த இரண்டாவது எண்ணை வாசகர்கள் நினைவில் வைக்க வேண்டுகிறோம். நம் தெருவில் வீசும் அதே காற்று, உருளையிலிருந்து வந்தபோது ஐந்தில் ஒரு வலியைத் 'தீர்த்திருக்கிறது'. எந்தப் பற்றும் எந்தச் சூரணமும் முதலில் இந்த வெறுங்காற்றை வென்று காட்ட வேண்டும்.

மெலடோனின் இந்த வழியில் கொஞ்ச தூரம் வந்தது. 1996இல் இத்தாலியில் 20 பேரிடம் நடந்த ஆய்வில், அதை உண்ட 10 பேரில் 5 பேருக்குக் குணம் தெரிந்தது. பின்னர் நடந்த மற்றொரு சிறு ஆய்வில் பலன் தெரியவில்லை. ஆகவே அது ஒரு நம்பிக்கைக் கீற்று, அவ்வளவே. சைலோசைபின் அடங்கிய காளான்கள் உதவின என்று அமெரிக்க நோயாளிகள் தாமே கூடிப் பேசியதன் விளைவாக, 2006இல் 53 பேரின் அனுபவங்கள் மருத்துவ இதழில் ஏறின. நோயாளியின் சொல் ஆய்வுக் கூடத்தின் கதவைத் தட்டியது என்ற அளவில் அதை வரவேற்கிறோம். ஆனால் பின்னர் நடந்த சிறு சோதனை உறுதியான முடிவைத் தரவில்லை. இந்தியாவில் அப்பொருள் 1985ஆம் ஆண்டுப் போதைப்பொருள் சட்டத்துக்கு உட்பட்டது என்பதையும் மறக்கலாகாது.

'இயற்கையானது, தீங்கு செய்யாது' என்ற வாதத்தையும் இங்கே பார்க்க வேண்டும். நம் கம்பங்கதிரில் தேனொழுகல் நோய் உண்டாக்கும் பூஞ்சையின் இனத்தது, ஐரோப்பாவில் ரை தானியத்தில் வளரும் எர்கட். முழுக்க இயற்கையானது. அது கலந்த ரொட்டியை உண்டு ஊர் ஊராகக் கை கால் அழுகி மாண்டார்கள். அதே எர்கட்டிலிருந்துதான் தலைவலி மருந்தான எர்காட்டமினும் எடுக்கப்பட்டது. நஞ்சாவதும் மருந்தாவதும் அளவையும் ஆளையும் பொறுத்தது. அந்த அளவை யாரோ ஒருவர் பொறுப்போடு கணக்கிட வேண்டும் என்பதற்குத்தான் மருந்துச் சீட்டு.

நம் உண்மையான மனக்குறை வேறிடத்தில் இருக்கிறது. ஆக்சிஜன் உண்ணும் மருந்தும் அன்று, போடும் ஊசியும் அன்று; பலருக்குப் பக்க விளைவும் மிகக் குறைவு. அப்படியிருந்தும் நோயாளியின் கைக்கு அது எளிதில் எட்டுவதில்லை. அமெரிக்காவின் முதியோர் காப்பீடான மெடிகேர், போதிய சான்று இல்லையென்று கூறி 2011இலிருந்து ஆய்வுக்கு வெளியே இதற்குப் பணம் தர மறுத்தது. அத்தடை 2021இல்தான் நீங்கியது. அதே 2021இல் நம் நாட்டுக் குடும்பங்கள் ஆக்சிஜன் உருளைக்கு வரிசையில் நின்றன. வீடுகளில் அன்று வாங்கிவைத்த செறிவூட்டும் கருவிகள் பெரும்பாலும் 5 முதல் 10 லிட்டர் வரையே தருவன. இவ்வலிக்கு அது போதாது. உருளையும் அதற்கேற்ற முகமூடியும் வேண்டும். நாள்பட்ட நுரையீரல் நோய் உள்ளவர்களுக்கு ஆக்சிஜனே கேடாகலாம். அருகில் பீடியோ சிகரெட்டோ பற்றவைத்தால் தீப்பிடிக்கும். மருத்துவர் சொற்படியே எடுக்க வேண்டும் என்கிறோம். ஆனால் அதைச் சொல்ல வேண்டிய மருத்துவர் அதைச் சொல்ல வேண்டும்.

ஆகவே மாற்று மருந்து தேடுவோரிடம் நாம் 'தேடாதீர்கள்' என்று சொல்லவில்லை. ஒரு நோட்டை வைத்துக்கொள்ளுங்கள். வலி தொடங்கிய நேரம், முடிந்த நேரம், எடுத்துக்கொண்டது என்ன, ஒன்றும் எடுக்காத நாளில் எவ்வளவு நேரம் நீடித்தது என்று எழுதுங்கள். ஒன்றும் எடுக்காத நாளின் கணக்கு இல்லாமல் எடுத்த நாளின் கணக்குக்குப் பொருளில்லை. அந்த நோட்டோடு நரம்பியல் மருத்துவரிடம் போய், 'இது கொத்துத் தலைவலியா, ஆக்சிஜன் எனக்கு ஆகுமா?' என்று இரண்டு கேள்விகளைக் கேளுங்கள். இதே போன்ற வலி அரிதாக மூளைக் கட்டியாலும் வரும் என்பதால் ஒரு முறை படமெடுத்துப் பார்ப்பதும் அவசியம். உயிரை மாய்த்துக்கொள்ளலாம் என்று தோன்றுமளவுக்கு வலி போனால், அதையும் மறைக்காமல் அவரிடமும் வீட்டாரிடமும் சொல்லுங்கள். இந்நோயில் அவ்வெண்ணம் பலருக்கும் வருவதுதான். வீட்டிலிருப்போர் 'வெறும் தலைவலிதானே' என்று சொல்லாதிருந்தாலே நோயாளிக்குப் பாதிச் சுமை குறையும்.