பிள்ளைகளுக்கு 40 நாள், பெற்றோருக்கு 4 நாள்: கோடை விடுமுறைக் கணக்கு எங்கே உதைக்கிறது?

முழு ஆண்டுத் தேர்வின் கடைசிப் பரீட்சை முடிந்த அன்று இரவே வீட்டில் அந்தக் கேள்வி வந்துவிடும். "அப்பா, இந்த வருஷம் நாம எங்க போறோம்?" பல வீடுகளில் இதற்குக் கிடைக்கும் பதில் ஓர் ஊர்ப் பெயர் அல்ல. "ஆபீஸ்ல கேட்டுட்டுச் சொல்றேன்டா."

குடும்பமாகச் சேர்ந்திருக்கும் நேரம் குறைந்துவிட்டது என்றால் உடனே செல்போனைத்தான் கைகாட்டுகிறோம். பிள்ளைங்க போனையே பாத்துட்டிருக்காங்க, பெரியவங்களும் அப்படித்தான் என்று. அதில் உண்மை இல்லாமல் இல்லை. ஆனால் அதற்கு முன்னால் பார்க்க வேண்டியது சுவரில் தொங்கும் காலண்டரை.

2025இல் தமிழ்நாட்டில் ஏப்ரல் பிற்பாதியில் தேர்வுகள் முடிந்து, ஜூன் 2ஆம் தேதி பள்ளிகள் திறந்தன. ஏறக்குறைய 40 நாள். தனியார் வேலையில் இருக்கும் ஒருவருக்கு இதில் சேர்ந்தாற்போல நான்கு நாள் லீவு கிடைத்தாலே பெரிய விஷயம். கணவன், மனைவி இருவரும் வேலைக்குப் போகும் வீட்டில் அந்த நான்கு நாளும் ஒரே வாரத்தில் அமைய வேண்டும். அவருக்கு மே இரண்டாவது வாரம் கிடைக்கும், இவருக்கு நான்காவது வாரம்தான் கிடைக்கும். விடுமுறை இருக்கிறது, லீவும் இருக்கிறது. இரண்டும் சேர மாட்டேன் என்கின்றன.

60 நாளுக்கு முன்னால் யாருக்குத் தெரியும்?

ரயிலில் முன்பதிவு செய்யும் காலத்தை 2024 நவம்பர் 1 முதல் 120 நாளிலிருந்து 60 நாளாக ரயில்வே குறைத்தது. மே 10ஆம் தேதி ஊருக்குப் போக வேண்டுமானால் மார்ச் 11ஆம் தேதி காலையில் டிக்கெட் எடுக்க உட்கார வேண்டும். அன்றைக்குப் பிள்ளையின் தேர்வு அட்டவணை முழுதாக வந்திருக்குமா என்பதே சந்தேகம். லீவு லெட்டருக்குப் பதில் வந்திருக்காது. "ஏப்ரல்ல பாத்துக்கலாம்" என்றுதான் மேலாளர் சொல்லியிருப்பார். ஏப்ரலில் அவர் சரி என்று சொல்லும்போது ரயிலில் வெயிட்டிங் லிஸ்ட் எங்கேயோ போயிருக்கும். அப்புறம் தட்கல். முந்தின நாள் காலை 10 மணிக்கு ஏசி, 11 மணிக்கு மற்ற வகுப்பு. கிடைத்தால் பயணம், கிடைக்காவிட்டால் ஆம்னி பஸ் சொல்லும் கட்டணம்.

திரும்பி வரும் தேதியும் நம் கையில் இல்லை. 2023இல் வெயிலால் பள்ளித் திறப்பு இரண்டு முறை தள்ளிப்போனது. 2024இல் ஜூன் 6 என்றிருந்தது ஜூன் 10 ஆனது. வெயிலில் பிள்ளைகளை வரவழைக்காதது சரியான முடிவுதான், அதில் குறை சொல்ல ஒன்றுமில்லை. ஆனால் அந்தக் கூடுதல் நாட்கள் பிள்ளைகளுக்கு மட்டும்தான் வந்தன. பெற்றோர் டிக்கெட்டை மாற்ற முடியாமல் திரும்பிவிட்டார்கள், பிள்ளைகள் வீட்டில் டிவி முன்னால் உட்கார்ந்திருந்தார்கள்.

எல்லோரும் ஒரே மலைக்கு

இத்தனையும் தாண்டிக் கிடைத்த நான்கு நாளை நாம் எங்கே கொண்டுபோய்க் கொட்டுகிறோம்? ஊட்டியிலும் கொடைக்கானலிலும். மே மாதத்தில் சமவெளி கொதிக்கிறது, மலர்க் கண்காட்சியும் அப்போதுதான். கூட்டம் எந்த அளவுக்குப் போனது என்றால், உயர் நீதிமன்றம் தலையிட்டு 2024 மே 7 முதல் இரண்டு ஊருக்கும் இ-பாஸ் முறை வந்தது. 2025 ஏப்ரல் முதல் ஜூன் வரை எண்ணிக்கையும் கட்டுப்படுத்தப்பட்டது: ஊட்டிக்கு வார நாளில் 6,000 வாகனம், வார இறுதியில் 8,000. கொடைக்கானலுக்கு 4,000, 6,000.

இது வாகனத்துக்கான கட்டுப்பாடு, மனிதருக்கானது அல்ல. அரசுப் பேருந்தில் போகிறவர்களுக்கு இ-பாஸ் வேண்டாம். இதைச் சொன்னால் "சின்னக் குழந்தைய வச்சுக்கிட்டு பஸ்லயா?" என்பார்கள். நியாயமான கேள்விதான். ஆனால் காரில் போனாலும் நான்கு நாளில் ஒரு நாள் ஏறுவதற்கு, ஒரு நாள் இறங்குவதற்கு. நடுவில் இருக்கும் இரண்டில் பாதி, பார்க்கிங் தேடுவதில் போகிறது. ஊருக்கு வந்த பிறகு ஒரு நாள் தூங்க வேண்டியிருக்கிறது. மலையைக் குறை சொல்லவில்லை. ஒரு மாநிலமே ஒரே வாரத்தில் லீவு எடுத்தால் இப்படித்தான் ஆகும். குற்றாலத்தில் தென்மேற்குப் பருவமழை தொடங்கி அருவி கொட்டும் நேரத்தில் பள்ளிக்கூட மணி அடித்துவிடுகிறது என்பது இதில் தனி வேடிக்கை.

லீவு சலுகையா, உரிமையா?

பலருக்குத் தெரியாத விஷயம் இது. கடைகளுக்கும் பெரும்பாலான தனியார் அலுவலகங்களுக்கும் பொருந்துவது 1947ஆம் ஆண்டின் தமிழ்நாடு கடைகள் மற்றும் நிறுவனங்கள் சட்டம். ஓராண்டு தொடர்ந்து வேலை பார்த்தவருக்கு அடுத்த ஓராண்டில் 12 நாள் சம்பளத்துடன் விடுமுறை உண்டு என்கிறது அது. எடுக்காமல் விட்டால் 24 நாள் வரை சேர்த்து வைக்கலாம். இதைத் தவிரத் தற்செயல் விடுப்பு, நோய்க்கான விடுப்பு தனித்தனியாக உண்டு. மே 1 எப்படியும் சம்பளத்துடன் விடுமுறை.

ஆக, லீவு கேட்பது கெஞ்சுகிற விஷயமே இல்லை. எந்தத் தேதியில் என்பதைத்தான் நிறுவனமும் ஊழியரும் பேசி முடிக்க வேண்டும். இங்கே நமது கருத்தைத் தெளிவாகச் சொல்லிவிடுகிறோம்: பள்ளி வயதுப் பிள்ளைகள் உள்ள ஊழியர்களின் மே மாத லீவை, ரயில் முன்பதிவு திறப்பதற்கு முன்பே, அதாவது பிப்ரவரி முடிவதற்குள் நிறுவனங்கள் உறுதி செய்ய வேண்டும். ஆள் பற்றாக்குறை வரும் என்பது உண்மைதான். குழந்தை இல்லாத இளைஞர்கள் தலையில் மே மாத வேலை முழுவதும் விழுந்துவிடவும் கூடாது. அவர்களுக்கு டிசம்பர் லீவில் முன்னுரிமை கொடுக்கலாம். அதையும் பிப்ரவரியிலேயே பேசிவிடலாம், கடினமான காரியமில்லை.

எல்.டி.ஏ. எனும் பயணச் சலுகையைப் பற்றியும் ஒரு வார்த்தை. பழைய வருமான வரிமுறையில் இருப்பவர்களுக்கு நான்கு ஆண்டுத் தொகுப்பில் இரண்டு பயணங்களுக்கு வரி விலக்கு உண்டு. உள்நாட்டுப் பயணக் கட்டணத்துக்கு மட்டும்தான், ஓட்டல் வாடகைக்கும் சாப்பாட்டுக்கும் கிடையாது. லீவு போட்டிருக்க வேண்டும், ஊழியரும் கூடப் போயிருக்க வேண்டும். பிள்ளைகளை மட்டும் அனுப்பிவிட்டு பில்லைக் காட்ட முடியாது. வரிச் சட்டமே 'சேர்ந்து போங்கப்பா' என்று சொல்லியிருக்கிறது! புதிய வரிமுறையில் அதுவும் இல்லை.

இந்த உரிமை எதுவும் கைக்கு எட்டாதவர்கள் இருக்கிறார்கள். கால் டாக்ஸி ஓட்டுபவர், சாப்பாடு டெலிவரி செய்பவர், ஊட்டியில் நமக்கு அறை துடைப்பவர். நமக்கு விடுமுறை என்றால் அவர்களுக்குச் சீசன். அவர்கள் பிள்ளைகளுக்கும் அதே 40 நாள்தான்.

நான்கு நாளை உடைத்துப் பார்த்தால்

சேர்ந்தாற்போல நான்கு நாள் கிடைக்காதவர்கள் நான்கு வெள்ளிக்கிழமை கேட்டுப் பார்க்கலாம். கணக்குப்படி ஒரு நாள்கூடக் கூடாது. ஆனால் மேலாளர் தலையசைப்பது சுலபம். பிள்ளைக்கும் விடுமுறை முழுக்க வாராவாரம் எதிர்பார்க்க ஒன்று இருக்கும்.

சென்னைக்காரர்கள் வெள்ளிக்கிழமையில் எழும்பூர் அருங்காட்சியகத்துக்குப் போய்விடாதீர்கள், அன்று அதற்கு விடுமுறை. வண்டலூருக்குச் செவ்வாய் விடுமுறை. ஒரு காலத்தில் இந்த ஊர் மக்கள் அருங்காட்சியகத்தைச் 'செத்த காலேஜ்' என்றும் விலங்குக் காட்சிசாலையை 'உயிர் காலேஜ்' என்றும் சொல்வார்கள். விலங்குகள் 1985இல் வண்டலூருக்குக் குடிபோகும் முன்பு சென்ட்ரல் பக்கத்தில்தான் இருந்தன. அதனால் வெளியூர்ச் சொந்தம் வந்தால் ஒரே நாளில் இரண்டு காலேஜையும் காட்டி அனுப்பிவிடலாம். இந்தக் கதையைப் பேத்தியிடம் சொல்லத் தாத்தா பாட்டியைவிடப் பொருத்தமான ஆள் கிடையாது. அவர்களையும் கூட்டிப் போங்கள். செத்த காலேஜில் திமிங்கில எலும்புக்கூட்டின் முன்னால் நின்று பிள்ளை கேட்கும் கேள்விக்கு உங்களுக்குப் பதில் தெரியாவிட்டாலும் பரவாயில்லை.

வெயிலை மட்டும் விளையாட்டாக எடுத்துக்கொள்ளக் கூடாது. அக்னி நட்சத்திரத்தில் 11 மணிக்கு மேல் குழந்தையை வெளியில் கூட்டிக்கொண்டு அலைவது உல்லாசம் ஆகாது. காலை ஐந்தரைக்குக் கடற்கரை, எட்டரைக்குள் வீடு. இல்லாவிட்டால் மாலையில் கிளம்புங்கள். மதியம் கோட்டூர்புரம் அண்ணா நூற்றாண்டு நூலகம், மதுரையில் இருப்பவர்களுக்குக் கலைஞர் நூற்றாண்டு நூலகம். இரண்டிலும் குழந்தைகளுக்கென்று தனிப் பிரிவு இருக்கிறது.

அம்மாவுக்கு எப்போது லீவு?

இந்தத் திட்டத்தில் ஒருவர் விட்டுப்போகிறார். மத்தியப் புள்ளியியல் துறையின் 2024ஆம் ஆண்டு நேரப் பயன்பாட்டுக் கணக்கெடுப்பில், சம்பளமில்லாத வீட்டு வேலைக்குப் பெண்கள் நாளொன்றுக்கு 289 நிமிடமும் ஆண்கள் 88 நிமிடமும் செலவிட்டதாகப் பதிவாகியிருக்கிறது. கோடை விடுமுறையில் பிள்ளைகள் வீட்டில் இருக்கும்போது அம்மாவின் நிமிடங்கள் குறையப் போவதில்லை. மூன்று வேளைச் சமையல், நடுவில் நொறுக்குத் தீனி, அண்ணன் தங்கை பஞ்சாயத்து. சுற்றுலா போனாலும் புளியோதரை கட்டுவதும், துணி மடித்து வைப்பதும், வந்த பிறகு அந்தத் துணியை எல்லாம் துவைப்பதும் அவர்தான். "ஃபேமிலி டிரிப் நல்லா இருந்துச்சா?" என்று அவரிடம் கேட்டுப் பாருங்கள். "ம்ம், இருந்துச்சு" என்பார்.

எனவே அந்த நான்கு வெள்ளிக்கிழமையில் ஒன்றை அவருக்கு விட்டுவிடுங்கள். அப்பாவும் பிள்ளைகளும் காய் நறுக்கி, சாம்பார் வைத்து, பாத்திரமும் கழுவட்டும். சமையலறையில் நான்கு பேர் இடித்துக்கொண்டு நிற்கும்போது பேச்சு தானாக வரும். உப்பு கூடினாலும் அன்று யாரும் முகம் சுளிக்கக் கூடாது, அதை முன்கூட்டியே பேசி வைத்துக்கொள்ளுங்கள். அன்று அவர் தூங்கலாம், சினிமாவுக்குப் போகலாம், அவருடைய அம்மா வீட்டுக்குத் தனியாகவே போய்வரலாம். எங்கே போனார் என்று போன் போட்டுக் கேட்கவும் வேண்டாம், சீரக டப்பா எங்கே இருக்கிறது என்று கேட்கவும் வேண்டாம்.