இலவசக் கடையும் கட்டற்ற கடையும்

திருச்சுழிப் பக்கத்து நண்பர் ஒருவர் இணையக் கடை வைக்கும் யோசனையில் இருக்கிறார். சரக்கு இரண்டு: மானாவாரி நிலத்துக் குதிரைவாலி, அருப்புக்கோட்டைத் தறிகளில் நெய்த பருத்திச் சேலை. இலவசமாகக் கிடைக்கும் ஷாப்பிங் கார்ட் மென்பொருள்களில் எதை எடுப்பது என்று கேட்டிருந்தார். இலக்கியம் பேசும் இடத்தில் கடைக்கணக்கா என்று முகம் சுளிப்பவர்கள் சற்றுப் பொறுக்கவும். முந்நூறு பிரதி அச்சிட்டுப் பரண் மேல் அடுக்கி வைத்திருக்கும் சிறுபதிப்பாளரின் கேள்வியும் இதுவேதான். எனி இந்தியன், உடுமலை போன்ற தளங்கள் வந்த பிறகுதான் வெளியூர்த் தமிழ் வாசகனுக்குச் சென்னைக்குப் போகாமலேயே புத்தகம் கிடைக்கத் தொடங்கியது.

முதல் சிக்கல் 'இலவசம்' என்ற சொல்லில் இருக்கிறது. ஆங்கிலத்தில் 'ஃப்ரீ' இரண்டு பொருளைச் சுமந்து குழப்புகிறது. நமக்கு அந்தக் குழப்பம் தேவையில்லை, ஏனெனில் தமிழில் இலவசம் வேறு, கட்டற்றது வேறு. ஆயினும் இங்கே வழங்கும் பேச்செல்லாம் முதலாவதைப் பற்றியே. என் பார்வையில், உரிமக் கட்டணம் இல்லை என்பது இவ்விஷயத்தில் மிகச் சிறிய லாபம். பெரிய லாபம், நிரலை எடுத்துக்கொண்டு வெளியேறும் உரிமை.

இந்த மென்பொருள்களின் வரலாறே அப்படி வெளியேறியவர்களின் வரலாறுதான். 2000இல் ஜெர்மனியில் தொடங்கிய ஓஎஸ்காமர்ஸிலிருந்து 2003இல் ஒரு குழு பிரிந்து ஜென்கார்ட்டை உண்டாக்கியது. 2011இல் ஜிகோஷாப்பின் நிரலைக் கிளையாகப் பிரித்து வூகாமர்ஸ் பிறந்தது. 2008இல் வெளிவந்த மஜெண்டோவின் கதை இன்னும் சுவையானது. ஈபே வாங்கியது, பிறகு கைமாறியது, 2018இல் 168 கோடி டாலருக்கு அடோபி வாங்கியது. முதல் பதிப்புக்கான ஆதரவு 2020 ஜூனோடு நின்றது. அவ்வாண்டு செப்டம்பரில் ஒரே வார இறுதியில் இரண்டாயிரத்துக்குச் சற்றுக் குறைவான மஜெண்டோ கடைகளில் திருட்டு நிரல் புகுத்தப்பட்டது. அவற்றுள் பெரும்பாலானவை ஆதரவு நின்றுபோன அந்தப் பழைய பதிப்பில் ஓடியவை. ஆனால் அதே பழைய நிரலை ஓப்பன்மேஜ் என்ற பெயரில் ஒரு தன்னார்வக் குழு எடுத்துப் பராமரித்து வருகிறது. முதலாளி கைவிட்ட பிறகும் பொருள் சாகவில்லை. உரிமம் அதற்கு இடம் கொடுத்தது.

நெசவு ஊர்க்காரருக்கு இதை விளக்கவே வேண்டாம். பாவும் நூலும் முதலாளியுடையவை, கூலி மட்டும் நெசவாளியுடையது என்ற ஏற்பாட்டில் சேலை யாரிடம் போகிறது என்பது நெய்தவருக்குத் தெரியாது. அடுத்த சேலையை வேறொருவருக்கு விற்கலாம் என்றால் முகவரி இல்லை. பெரிய இணையச் சந்தைகளும் வாங்கியவரின் தொலைபேசி எண்ணையோ மின்னஞ்சலையோ விற்பவருக்குத் தருவதில்லை. பத்தாண்டு விற்றாலும், விலகும் நாளில் கையில் ஒரு வாடிக்கையாளர் பட்டியல்கூட மிஞ்சாது. ஷாப்பிஃபை போன்ற வாடகைக் கடைகள் இந்த விஷயத்தில் மேல். பட்டியலை எடுத்துக்கொண்டு போகலாம். கடையின் கட்டுமானத்தைத்தான் எடுத்துச்செல்ல முடியாது, மாத வாடகையும் நிற்காது.

இவ்வளவும் சொன்ன பிறகு மறுபக்கத்தையும் சொல்லியாக வேண்டும். சொந்த வீடு என்றால் ஓட்டைக் கூரையும் நம்முடையதே. மென்பொருளுக்கு விலை இல்லை; வழங்கி, தளப்பெயர், கட்டண நீட்சிகள், எல்லாவற்றுக்கும் மேலாக மாதாமாதம் புதுப்பிக்கும் ஒரு ஆள் ஆகியவற்றுக்கு விலை உண்டு. பலர் கடையைத் திறந்துவைத்த அன்றோடு அதை மறந்துவிடுகிறார்கள். மஜெண்டோ கடைக்காரர்களுக்கு நேர்ந்தது இந்த மறதியின் விளைவு. நம் நாட்டில் ஒரு நன்மை, பணம் பெறும் வாயில்களைச் சரியாக இணைத்தால் அட்டை எண் நம் வழங்கியைத் தொடுவதே இல்லை. இணையத்தில் உள்நாட்டு அட்டைக்கு இரண்டாம் சரிபார்ப்பு கட்டாயம் என்று ரிசர்வ் வங்கி 2009இலேயே சொல்லிவிட்டது. ஆனாலும் வாடிக்கையாளரின் முகவரியும் எண்ணும் நம்மிடம்தான் இருக்கும். அவை களவு போனால் பதில் சொல்ல வேண்டியவர் நண்பர், ஆட்டோமேட்டிக் நிறுவனம் அல்ல.

தமிழுக்கு வருவோம். பழைய கூடை மென்பொருள்கள் ஐரோப்பிய எழுத்துகளை மனத்தில் வைத்துக் கட்டப்பட்டவை. பொருளின் பெயருக்கு 64 பைட் என்று இடம் ஒதுக்கிய அட்டவணையில் ஒருங்குறித் தமிழை இட்டால், ஒவ்வொரு குறியீடும் மூன்று பைட் தின்னும். 'அருப்புக்கோட்டை கைத்தறிச் சேலை' என்று எழுதினால் 'அருப்புக்கோட்டை கைத்தற' என்று வெட்டுப்பட்டு நிற்கும். இன்றைய வூகாமர்ஸிலும் ஓப்பன்கார்ட்டிலும் இந்தத் தொல்லை இல்லை. ஆனால் தேடல்? 'சேலை' என்று தேடுபவருக்கு, 'சேலைகள்' என்ற பெயர் கிடைத்துவிடும். 'சேலைகள்' என்று தேடுபவருக்கு 'சேலை' கிடைக்காது. 'புடவை' என்று தட்டியவரைப் பற்றிச் சொல்லவே வேண்டாம். மாற்றுச் சொற்களைக் கையால் ஏற்ற வேண்டியதுதான். குதிரைவாலியை ஆங்கில எழுத்தில் எத்தனை விதமாக எழுதுவார்கள் என்று எண்ணிப் பார்த்தேன், ஆறோடு நிறுத்திக்கொண்டேன்.

கைத்தறிக்கென்று தனிச் சங்கடம் ஒன்று உண்டு. கூடை மென்பொருள் ஒரே மாதிரி நூறு சரக்கு இருக்கிறது என்று கருதும் புத்தி உடையது. கைத்தறியில் ஒரு நிறச்சேர்க்கையில் ஒரே சேலைதான் இருக்கும். கையிருப்பு ஒன்று. அதையே இருவர் ஒரே நேரத்தில் கூடையில் போட்டால்? பணம் கட்டாத ஆணைக்காக வூகாமர்ஸ் இயல்பாக அறுபது நிமிடம் சரக்கைப் பிடித்து வைக்கும், பிறகு விடுவிக்கும். அந்த நேரத்தைக் குறைத்துக்கொள்ளலாம். அதே சேலையைக் கண்காட்சியில் நேரில் விற்றுவிட்டு இணையத்தில் கழிக்க மறப்பதற்கு எந்த மென்பொருளிலும் மருந்து இல்லை.

அஞ்சல் செலவு அடுத்தது. எடைவாரியாகக் கட்டணம் கணக்கிடும் வசதி சிலவற்றில் உள்ளேயே உண்டு, சிலவற்றுக்கு நீட்சி வேண்டும். குதிரைவாலிக்கு இது இன்றியமையாதது. ஐந்து கிலோ அரிசியின் விலையில் கணிசமான பங்கைக் கூரியர் தின்றுவிடும். புத்தகக்காரர்கள் குறித்துக்கொள்க: பழைய புத்தக அஞ்சல் 2024 டிசம்பரில் நிறுத்தப்பட்டு, 2025 மே முதல் ஞான் போஸ்ட் வந்திருக்கிறது. 300 கிராம் வரை 20 ரூபாய், ஐந்து கிலோவுக்கு 100 ரூபாய், வரி தனி. பழைய கட்டண அட்டவணையைக் கடைக்குள் வைத்துக்கொண்டு விற்பவர் ஒவ்வொரு பொட்டலத்திலும் நஷ்டப்படுவார்.

வரியைச் சுருக்கமாகச் சொல்கிறேன். வரிக்குரிய சரக்கைச் சொந்தத் தளத்திலிருந்து பெங்களூருக்கு அனுப்பினால், விற்றுமுதல் எவ்வளவு சிறிதானாலும் ஜிஎஸ்டி பதிவு வேண்டும் என்பதே பொது விதி. அறிவிக்கப்பட்ட கைவினைப் பொருள்களுக்கு நிபந்தனைகளோடு விலக்கு உண்டு. அச்சிட்ட புத்தகத்துக்கு வரியே இல்லை. சேலை எதில் சேரும் என்பதைத் தணிக்கையாளரிடம் கேட்டுவிட்டுத்தான் மென்பொருளைத் தொட வேண்டும்.

சரி, எதை எடுப்பது? மஜெண்டோ வேண்டாம். அது பெருவணிகரின் யானை, தீனி போட்டு மாளாது. ஓப்பன்கார்ட் இலேசானது, சிறிய வழங்கியிலும் ஓடும், கடை மட்டும்தான் வேண்டும் என்பவருக்குப் போதும். நான் வூகாமர்ஸ் பக்கம் சாய்கிறேன். காரணம் தொழில்நுட்பம் அன்று. வேர்ட்பிரஸ் தெரிந்த பையனோ பெண்ணோ அருப்புக்கோட்டையிலேயே கிடைப்பார்கள். பழுது நேர்ந்தால் சென்னைக்கு ஃபோன் போட்டுக் காத்திருக்க வேண்டியதில்லை. தவிர, வலைப்பதிவிலிருந்து வளர்ந்த மென்பொருள் என்பதால் எழுத அதில் இடமிருக்கிறது. இந்தச் சேலையை எந்தத் தறியில், எத்தனை நாளில், எந்த நூலில் நெய்தார்கள் என்று ஒரு பக்கம் எழுதலாம். விசைத்தறிச் சேலை பாதி விலைக்கு அடுத்த சொடுக்கில் கிடைக்கும்போது, கூடுதல் விலை கொடுக்க வாங்குபவருக்குக் காரணம் சொல்லும் இடம் அந்த ஒரு பக்கம்தான்.

மாதம் ஒரு முறை புதுப்பிக்கவும் காப்புப் பிரதி எடுக்கவும் ஆள் இல்லையென்றால், எதையுமே நிறுவ வேண்டாம் என்றும் நண்பருக்கு எழுதியிருக்கிறேன். வாட்ஸ்அப்பில் படம் அனுப்பி, யுபிஐயில் பணம் பெற்று, வாங்கியவர் பெயரையும் முகவரியையும் ஒரு நோட்டில் எழுதி வரட்டும். நோட்டில் இருநூறு பெயர் சேர்ந்தபின் மென்பொருளைப் பற்றி மறுபடி பேசலாம். அவர் இன்னும் பதில் போடவில்லை. திருச்சுழிப் பக்கம் இது குதிரைவாலி அறுவடைக் காலம்.