வேலை யாருக்கு, நஷ்டம் யாருக்கு?

சீதைக்காகப் போராடிச் சிறகிழந்த சடாயுவுக்குத் திருப்புட்குழியில் இராமன் ஈமக்கடன் செய்தான் என்பது ஐதீகம். தன் காரியத்தில் வீழ்ந்தவனை அவன் கைவிடவில்லை. இன்றைய முதலாளியோ, தன் வேலையாகச் சென்ற தொழிலாளியின் வண்டி நொறுங்கினால், "உன் வண்டி, உன் பாடு" என்கிறார்!

1923ஆம் ஆண்டு நஷ்டஈட்டுச் சட்டம் உயிருக்கும் உடலுக்கும் மட்டுமே ஈடு தந்தது. 2025 நவம்பர் 21 முதல் அமலான சமூகப் பாதுகாப்புச் சட்டத் தொகுப்பு, வேலையோடு தொடர்பிருந்தால், வந்துபோகும் வழியில் நேரும் விபத்தையும் சேர்த்துக்கொண்டது. வண்டிக்கு அதிலும் காசில்லை.

அதற்காகச் சோர்ந்துவிட வேண்டாம். சாவியை வாங்கி வண்டியைத் தன் காவலில் வைப்பவர், அதைத் தன் பொருளைப்போல் காக்க வேண்டும் என்கிறது 1872ஆம் ஆண்டு ஒப்பந்தச் சட்டம். "சொந்தக்காரர் பொறுப்பு" என்று சீட்டில் அச்சடித்துவிட்டு அலட்சியத்திலிருந்து தப்ப முடியாது என்று 2019இல் ஓட்டல் வழக்கொன்றில் சுப்ரீம் கோர்ட்டும் கூறியது.

பாவு ஏற்றிவரவும் உரமூட்டை கொண்டுவரவும் தேய்வது நம் டயர். லாபம் அவர்களுக்கு என்றால் நஷ்டமும் அவர்களுக்கே!

தோழர்களே! கூலி ஒப்பந்தத்தில் இதையும் எழுதி வாங்குங்கள். தனியாகக் கேட்டால் அது தயவு. சங்கமாகக் கேட்டால் அது உரிமை!