டிராக்டருக்கும் நீர்க்கணக்கு வேண்டும்

உழவு மாட்டுக்கு வேளை தவறாமல் தண்ணீர் காட்டாத குடியானவரை நம் நாட்டில் காண்பது அரிது. மாடு தண்ணீரை மறுத்தாலும், வழக்கத்துக்கு மேல் குடித்தாலும், உடம்பில் ஏதோ கோளாறு உண்டென்று உணர்ந்து அன்றைக்கே வைத்தியரைத் தேடுவது பரம்பரையாக வந்த அறிவு. அவ்வளவு கருத்துள்ள குடும்பங்களிலேயே, மாட்டின் இடத்துக்கு வந்துவிட்ட டிராக்டர் நாளொன்றுக்கு எவ்வளவு தண்ணீர் குடிக்கின்றது என்பதை விசாரிப்பவர் மிகச் சிலரே. ரேடியேட்டரில் நீர் குறைந்தால் வாய்க்காலிலோ கிணற்றிலோ ஒரு வாளி மொண்டு ஊற்றிவிட்டால் காரியம் முடிந்தது என்று அநேகர் எண்ணுகின்றனர். இந்த எண்ணமே பல இஞ்சின்கள் பருவத்தின் நடுவில் கொதித்துப் பழுதாவதற்கு முதற்காரணம்.

டீசல் எரிந்து உண்டாகும் உஷ்ணத்தில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்குதான் உழவு வேலைக்குப் பயன்படுகின்றது. மற்றொரு பங்கு புகையோடு வெளியேறுகின்றது. எஞ்சியதில் பெரும்பகுதியை இஞ்சினைச் சுற்றியோடும் நீர் ஏந்திச் சென்று ரேடியேட்டரில் காற்றுக்குக் கொடுத்துவிட வேண்டும். தண்ணீர் சாதாரணமாக 100 டிகிரி சென்டிகிரேடில் கொதிக்கும். ரேடியேட்டர் மூடி உள்ளே அழுத்தத்தைக் காப்பதால் கொதிநிலை உயருகின்றது. வெளிக்காற்றின் அழுத்தத்துக்கு மேல் சதுர அங்குலத்துக்கு 7 பவுண்டு அழுத்தம் இருந்தால் வெறும் நீரே சுமார் 111 டிகிரி வரையில் கொதியாது நிற்கும். ஆகவே மூடியின் ரப்பர் தேய்ந்திருந்தாலும், தொலைந்த மூடிக்குப் பதிலாகக் கந்தைத்துணியைச் செருகியிருந்தாலும், நல்ல இஞ்சினும் கொதிக்கத் தொடங்கும். நீர் ஓடும் வழி முழுதும் மூடிய வழியாதலால், குறையில்லாத டிராக்டருக்கு அடிக்கடி நீர் ஊற்ற வேண்டிய அவசியமே கிடையாது. நாள்தோறும் நீர் கேட்கும் இஞ்சின் நோயுற்ற இஞ்சின் என்றே கொள்ளல் வேண்டும்.

வாளித் தண்ணீர் வழக்கம் எங்கிருந்து வந்தது என்பதையும் ஆராய வேண்டும். கிணற்றங்கரையில் டீசல் இஞ்சினை வைத்து இறைத்தவர்கள், பம்பு ஏற்றிய நீரில் ஒரு சிறு பகுதியையே இஞ்சினுக்குள் செலுத்தி, மறுபுறம் வாய்க்காலில் விட்டுவந்தனர். அங்கே கிணறே ரேடியேட்டர். புதுநீர் ஓயாது வந்து, கொதிக்குமுன் வெளியேறிவிடும். 1917-ல் வெளிவந்த ஃபோர்ட்சன் டிராக்டரில் நீரைச் சுழற்றும் பம்புகூடக் கிடையாது. சூடான நீர் மேலெழுந்து குளிர்ந்தது கீழிறங்கும் இயல்பைக் கொண்டே அது ஓடிற்று. அக்கால இஞ்சின்கள் கனத்த வார்ப்புடன் மெதுவாகச் சுழன்றவை. இன்றைய டிராக்டரோ குறைந்த இரும்பில் மிகுந்த குதிரைசக்தி தருவது. பழைய இஞ்சினுக்குப் பொருந்திய வழக்கத்தை இதற்கும் கொண்டுவருவது முறையாகாது.

இதனால் விளையும் தீங்கைக் கணக்குப் போட்டே காட்டலாம். ஒரு ரப்பர்க் குழாயின் இணைப்பிலிருந்து விநாடிக்கு ஒரு சொட்டு வீதம் ஒழுகுவதாக வைத்துக்கொள்வோம். இருபது சொட்டு ஒரு மில்லிலிட்டர் என்றால், மணிக்கு 180 மில்லிலிட்டர். எட்டு மணி உழவில் ஏறக்குறைய ஒன்றரை லிட்டர். நூறு நாள் உழவில் 144 லிட்டர் புதுநீர் உள்ளே போகின்றது. குடிநீரில் கடினத்தன்மை லிட்டருக்கு 200 மில்லிகிராமுக்கு உட்பட்டிருப்பதே நலம் என்றும், வேறு நீர் இல்லாவிடத்து 600 வரையில் இருக்கலாம் என்றும் இந்தியத் தர நிர்ணயம் கூறுகின்றது. நம் வறண்ட தாலுகாக்களில் இந்த எல்லையைத் தாண்டிய கிணறுகளும் உண்டு. 600 என்றே கொண்டாலும், பத்து லிட்டர் கொள்ளும் ரேடியேட்டரில் ஒருமுறை நிரப்பும் நீரோடு 6 கிராம் உப்புத்தான் செல்லும். ஒழுகலை ஈடுசெய்ய ஊற்றிய 144 லிட்டரோடு செல்வது 86 கிராம். ஒழுகி வெளியேறுவது போக, உஷ்ணத்தில் பிரியும் சுண்ணாம்பு இஞ்சினின் உட்சுவரிலும் ரேடியேட்டரின் மெல்லிய குழல்களிலும் படிகின்றது. வெந்நீர்ப் பானையின் உள்ளே வெள்ளையாகப் படியும் காறையும் இதுவே. இக்காறை இரும்பைவிடப் பல மடங்கு குறைவாகவே உஷ்ணத்தைக் கடத்தும். ஆகையால் ஒழுகலால் நேரும் நஷ்டம் போன தண்ணீரில் இல்லை. அதற்கு ஈடாக வந்த தண்ணீரில் இருக்கின்றது. சிறு ஒழுகலைப் பொறுத்துக்கொண்டு நீர் ஊற்றி ஓட்டுவது சிக்கனம் என்போர் இக்கணக்கைச் சிந்திப்பார்களாக.

ஒழுகும் இடத்தைக் கண்டறிவதற்குப் பெரிய வித்தை வேண்டியதில்லை. இரவு நிறுத்துமிடத்தில், இஞ்சினுக்கு அடியில் ஒரு பழைய அட்டையைப் பரப்பிவைத்தால், காலையில் எந்த இடத்தில் ஈரம் என்பது தெரிந்துவிடும். மேலும் கீழும் உள்ள ரப்பர்க் குழாய்களை, இஞ்சின் ஆறியபின் விரலால் அழுத்திப் பார்க்க வேண்டும். ஊறிப்போய் மெத்தென்றிருந்தாலும், காய்ந்து வெடித்திருந்தாலும் மாற்றிவிடுதல் நலம். நீர்ப்பம்பின் அடிப்புறத்தில் ஒரு சிறு துவாரம் உண்டு. அதன் வழியாக நீர் சொட்டினால் உள்ளிருக்கும் ஸீல் தேய்ந்துவிட்டது என்று அறிக. அத்துவாரத்தை ஆணியடித்தோ, பசை பூசியோ அடைப்பது, காய்ச்சலை அறிவிக்கும் நாக்கை வெட்டுவதற்கு ஒப்பாகும். நீர் பேரிங்குக்குள் புகுந்து பம்பே உடைய நேரிடும்.

வெளியே எங்கும் ஈரமில்லாமல் நீர் மட்டும் குறைந்துகொண்டே வந்தால் அது மிகுந்த கவலைக்குரியது. இஞ்சின் ஓடும்போது ரேடியேட்டர் நீரில் இடைவிடாது குமிழ் எழுதல், சூடேறிய பின்னும் வெண்புகை வருதல், எண்ணெய் பார்க்கும் கோலில் மோர் கலந்தாற்போன்ற நிறம் காணுதல் ஆகியவை ஹெட் கேஸ்கட் போய்விட்டதற்கோ, ஹெட்டிலேயே விரிசல் கண்டதற்கோ அடையாளங்கள். (குமிழைப் பார்ப்பதற்கு இஞ்சின் ஆறியிருக்கும்போதே மூடியைத் திறந்துவைத்து, பின்னர் ஓட்ட வேண்டும்.) இவ்வடையாளங்களில் ஒன்று தெரிந்தாலும் அன்றைய உழவை அத்தோடு நிறுத்துவதே விவேகம். எண்ணெயில் நீர் கலந்த இஞ்சினை இன்னும் இரண்டு மா உழுதுவிடலாம் என்று ஓட்டினால், கேஸ்கட்டோடு முடிய வேண்டிய செலவு கிராங்க் ஷாப்ட் வரையில் போய் நிற்கும்.

ரேடியேட்டர் ஒழுகினால் மஞ்சள் தூளைப் போட்டு அடைப்பது ஒரு நாட்டு வழக்கம். நடுவழியில் நின்ற வண்டியை வீடு சேர்ப்பதற்கு இது உதவக்கூடும் என்பதை மறுப்பதற்கில்லை. ஆனால் ஒழுகும் துவாரத்தை அடைத்த தூள், ஒழுகாத குழல்களையும் அடைக்கும் என்பதை மறக்கலாகாது. வீடு சேர்ந்ததும் நீர் முழுவதையும் இறக்கிக் கழுவி, பட்டறையில் பற்றவைப்பதே முடிவான சிகிச்சை. இதைப்போலவே, நம் நாட்டு வெயிலுக்குத் தெர்மோஸ்டாட் தேவையில்லை என்று அதைக் கழற்றி எறிந்துவிடும் பழக்கமும் பட்டறைகளிற் காணப்படுகின்றது. இது இருவகையில் தவறு. இஞ்சின் உரிய சூட்டை அடையாமல் ஓடி, டீசல் அதிகமாகச் செலவழிந்து, தேய்மானமும் மிகும். அன்றியும், பல இஞ்சின்களில் தெர்மோஸ்டாட் திறக்கும்போதே குறுக்கு வழியையும் மூடுகின்றது. அதைக் கழற்றிவிட்டால் நீரில் ஒரு பகுதி ரேடியேட்டருக்குப் போகாமலே திரும்பிவிடும். சூட்டைத் தணிக்கச் செய்த காரியமே கனத்த உழவில் சூட்டை ஏற்றிவிடும்.

கூலண்ட் என்னும் திரவம் பனிபெய்து நீர் உறையும் தேசங்களுக்கு உரியது, நமக்கு எதற்கு என்று கேட்போர் பலர். கேள்வி நியாயமானதே. நீர் உறையாமற் காப்பது அதன் வேலைகளில் ஒன்று மாத்திரம். எதிலீன் கிளைக்காலும் நீரும் சரிபாதி கலந்த கலவை, மூடியின் அழுத்தம் இல்லாமலே சுமார் 107 டிகிரி வரையில் கொதிப்பதில்லை. அதிலுள்ள மருந்துச் சரக்குகள் துருவையும் காறையையும் தடுக்கின்றன. மேலும், டீசல் இஞ்சினின் லைனர் ஓயாது அதிர்வதால், அதன் வெளிப்புறத்து நீரில் நுண்ணிய குமிழ்கள் தோன்றி உடைந்து, இரும்பை ஊசியாற் குத்தியதுபோல் அரிக்கின்றன. இதைத் தடுக்க வெறும் நீரால் ஆகாது. ஆனால் கூலண்டைத் தனியாக ஊற்றுவதும் பிழை. உஷ்ணத்தை ஏந்துவதில் நீரே சிறந்தது. ஆதலால் கைப்புத்தகத்திற் கண்ட அளவில் கலந்தே ஊற்றல் வேண்டும். கலக்கும் நீர், பாட்டரிக் கடையில் விற்கும் உப்பு நீக்கிய நீராக இருப்பது உத்தமம். அது கிடையாவிடத்து, முதல் மழையிற் கூரை கழுவப்பட்டபின் சுத்தமான பாத்திரத்திற் பிடித்து வடிகட்டிய மழைநீர் கிணற்று நீரைவிட எவ்வளவோ மேல். நிறம் ஒன்றாயிருப்பதால் வெவ்வேறு வகைக் கூலண்டுகளைக் கலந்துவிடக் கூடாது.

இத்திரவம் கொடிய விஷம் என்பதையும் இங்கே அழுத்திக் கூறுதல் அவசியம். இனிப்புச் சுவையுடையதாதலால் நாயும் கன்றும் இதை நக்கும், குழந்தைகளும் குடித்துவிடக்கூடும். இறக்கிய பழைய திரவத்தை வாய்க்காலிலோ, மாட்டுத் தொட்டிக்கு அருகிலோ கொட்டுவது பெரும் பாவம். தண்ணீர்ப் பாட்டில்களில் இதை ஊற்றிவைக்கவே கூடாது.

டிராக்டர் கொதித்துவிட்டால் செய்ய வேண்டியது பதற்றமின்றி நடத்தலே. உழுபடையை உயர்த்திச் சுமையை நீக்கி, நீர் இன்னும் இருக்குமானால், சில நிமிஷம் மெதுவாக ஓடவிட்டுச் சூட்டைத் தணித்தல் வேண்டும். பெல்ட் அறுந்திருந்தாலும், குழாய் வெடித்து நீர் முழுதும் போயிருந்தாலும், உடனே நிறுத்திவிட வேண்டும். நீர்மட்டம் மிகக் குறைந்துவிட்டால் சூடு காட்டும் முள் உண்மையைக் காட்டாது என்பதும் ஞாபகத்தில் இருக்கட்டும். ஆறுமுன் மூடியைத் திறந்து, பீறிட்ட கொதிநீரால் முகமும் மார்பும் வெந்துபோவது இத்தொழிலில் நேரக்கூடிய மிகக் கொடிய விபத்து. அரைமணி நேரமாவது காத்திருந்து, தடித்த துணியை மூடிமேல் இட்டு, முதற் படிவரை திருகி ஆவியை வெளியேற்றியபின்னரே திறக்கலாம். காய்ந்து கொதித்த இஞ்சினில் குளிர்ந்த நீரை ஊற்றினால் ஹெட் வெடிக்கும். அறுவடைக் காலத்தில் தூசும் பதரும் ரேடியேட்டரின் முகத்தை அடைத்துவிடுவதும் கொதிப்புக்கு ஒரு காரணம். விசிறியின் பக்கமிருந்து வெளிப்புறமாகக் காற்றோ நீரோ மெதுவாகச் செலுத்தித் தினமும் சுத்தம் செய்தால் அக்குறை தீரும்.

இவ்வளவும் ஓட்டுநரின் பொறுப்பு என்று நிலச்சொந்தக்காரர்கள் ஒதுங்கிவிடுவது நியாயமன்று. வாடகை மணிக்கணக்கில் வருகின்றது. நிறுத்தினால் வாடகை போயிற்றென்று முதலாளியின் முகம் கடுக்கும்; ஒழுகுகின்றது என்று சொன்னால் நீதான் கெடுத்தாய் என்ற பேச்சு வரும். இந்நிலையில் ஓட்டுநர் வாய்மூடி ஒரு வாளி நீரை ஊற்றி ஓட்டுவதில் வியப்பென்ன? உண்மையைச் சொன்னவனைக் கடிந்துகொள்ளாத வீட்டிலேதான் இஞ்சின் நீடித்து உழைக்கும். ஆதலால் ஒவ்வொரு டிராக்டருக்கும் ஒரு சிறு குறிப்புப் புத்தகம் வைத்து, தேதி, ஓடிய மணி, ஊற்றிய நீரின் அளவு ஆகிய மூன்றை மட்டும் ஓட்டுநரைக்கொண்டு எழுதச் செய்க. வாரம் ஒருமுறை சொந்தக்காரர் அதைப் பார்க்கட்டும். ஊற்றிய அளவு ஏறத் தொடங்கியதென்றால், கொதிப்பதற்கு அநேக நாள் முன்பே நோய் தெரிந்துவிடும்.

தொடக்க வேளாண்மைக் கூட்டுறவுக் கடன் சங்கங்களிலும், வாடகை இயந்திர மையங்களிலும் பொதுவுக்காக டிராக்டர்கள் வைக்கப்பட்டுள்ள இடங்களில் இக்குறிப்பு இன்னும் அவசியமானது. பலர் கையில் மாறும் வண்டிக்குக் கேட்பார் இல்லாமற் போவது சகஜம். சங்க நிர்வாகிகளும் கிராம உத்தியோகஸ்தர்களும், பயிரை அடங்கலில் எழுதும் ஒழுங்கோடு இந்நீர்க்கணக்கையும் எழுதும்படி வற்புறுத்தலாம். டெல்டாவில் வாய்க்காலில் நீர் வந்த சில வாரங்களுக்குள் சேற்றுழவு முடிந்தாக வேண்டும். அப்போது சங்கத்து டிராக்டர் ஒன்று நின்றால், அதை நம்பியிருந்த சிறு குடியானவர்கள் அனைவரின் நாற்றும் வயது கடந்துவிடும். இழப்பு வண்டியோடு நிற்பதில்லை.

காலணாப் பென்சிலும் ஒரு கோடிட்ட புத்தகமும் காக்கக்கூடிய இஞ்சினை, அசிரத்தையால் இழந்து, வங்கிக் கடனை மட்டும் செலுத்திக்கொண்டிருப்பது எந்த நிலவுடைமையாளருக்கும் பெருமையாகாது. வரும் பருவத்து முதலுழவுக்கு முன், ரேடியேட்டரையும் குழாய்களையும் மூடியையும் ஒருமுறை பரிசோதித்து, நீர்க்கணக்கின் முதல் வரியை எழுதித் தொடங்குவார்களாக.